தடியும் விளக்கும்

தீங்கு செய்யாத ஓர் உயிர், தீங்கு செய்யும் வேறோர் உயிரைப் போலத் தோன்றுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதனைக் கொல்லலாமா? கேள்வியை இவ்வாறு கேட்டால் "ஆம்" என்று விடையளிப்போர் மிகச் சிலரே இருப்பர். ஆனால் மாரி மழை தொடங்கிய ஓர் இரவில், வவுனியாக் கிராமமொன்றில், கிடுகு வேய்ந்த வீட்டின் மண்சுவரில் வெள்ளை வரிகளோடு ஒரு பாம்பு ஏறுவதைக் கைவிளக்கின் ஒளியில் கண்டவருக்கு இக்கேள்வி எழுவதில்லை. தடி விழுந்துவிடுகிறது. மறுநாட் காலையில், விபரமறிந்த ஒருவர் செத்துக் கிடப்பதைப் புரட்டிப் பார்த்து, "இது விரியன் இல்லை, இதற்கு விஷம் கிடையாது" என்று சொல்லக்கூடும். "எதுவாயிருந்தால் என்ன, பாம்புதானே" என்று மற்றவர் விடையிறுப்பார். விசாரணை அத்துடன் முடிந்துவிடுகிறது.

அந்த விசாரணையை மீண்டும் தொடங்க விரும்புகிறோம். இரண்டு சாண் நீளமுள்ள ஒரு பாம்புக்காக இத்தனை பக்கங்களா என்று வாசகர் கேட்கலாம். தடியை எடுத்த மனநிலை பாம்போடு நின்றுவிடுவதில்லை என்பதே எமது பதில்.

முதலில், கொல்லப்பட்டது எது என்று அறிந்துகொள்வோம். வன்னி நிலத்தில் இரவில் வெளிப்படும் சிறிய நஞ்சற்ற பாம்புகள் பல உண்டு. அவற்றுள் மிகச் சிறியது, ஓரிரு விரல் நீளத்துக்கு மேல் வளராத புழுப்பாம்பு. அது மண்ணுக்குள் வாழ்ந்து, எறும்பு கறையான்களின் முட்டைகளையும் புழுப்பருவக் குஞ்சுகளையும் உண்கிறது. அவ்வினத்தில் ஆண் இல்லை. பெண்ணே தனித்து இனம் பெருக்குகிறது. பூச்செடித் தொட்டிகளின் மண்ணோடு கப்பலேறி உலகின் வெப்ப நாடுகளெங்கும் அது பரவியிருக்கிறது. மண்புழுவென்று எண்ணி மனிதர் பெரும்பாலும் அதனை விட்டுவிடுகின்றனர்.

சுவரேறும் பாம்பின் கதி வேறு. நூல்கள் அதனை ஓநாய்ப் பாம்பு என்கின்றன. 1758ஆம் ஆண்டில் அதற்கு அறிவியற் பெயர் சூட்டிய லின்னேயஸ், அரண்மனைக்குரியது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லொன்றைத் தேர்ந்தார். பின்வந்தோர் அதன் பேரினத்துக்கு, ஓநாய்ப் பல் எனப் பொருள்தரும் கிரேக்கப் பெயரை இட்டனர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அதன் தாடைகளின் முன்புறத்தில் சில பற்கள் நீண்டிருக்கின்றன. பல்லியையும், வழுவழுப்பான செதிலுடைய அரணையையும் நழுவாமற் பற்றுவதற்கு அவை உதவுகின்றன. நஞ்சைச் செலுத்தும் துளையோ பையோ அப்பற்களுக்கு இல்லை. பொதுவாக ஒன்றரை அடி நீளம். சில இரண்டரை அடியை எட்டலாம். தலை தட்டையானது, கண்கள் முழுக் கருமையாய்ச் சற்றே பிதுங்கியிருக்கும். பகலெல்லாம் சுவர் வெடிப்பிலும், செங்கல் அடுக்கிலும், கூரை இடுக்கிலும் சுருண்டு கிடக்கும். பல்லிகள் இரை தேடி வெளிவரும் வேளையில் அதுவும் வெளிவரும். வயிற்றுச் செதில்களின் ஓரங்கள் மடிந்து விளிம்பு கட்டியிருப்பதால் சொரசொரப்பான சுவரில் நன்றாக ஏறும். பிடித்தால் ஆவேசமாகக் கடிக்கும். கடித்த இடத்தில் இரத்தம் கசியும். அதற்குமேல் எதுவும் நிகழாது.

எமது சிங்கள அயலவர் இதற்கு 'அலு ராதனக்கயா' என்று தனிப்பெயர் வைத்திருக்கின்றனர். 'அலு' என்றால் சாம்பல். எம்மவரிற் பலர் இதனை விரியன் குட்டி என்று சொல்லிவிடுகின்றனர். தனக்கென ஒரு பெயர் வழங்கப்படாமையே அதன் முதல் துன்பம். பெயரில்லாத ஒன்றின்மீது வேறொன்றின் பெயரையும், அந்தப் பெயரோடு அதன் குற்றத்தையும் ஏற்றிவிடுவது எளிது.

அந்த வேறொன்று கட்டுவிரியன். சிங்களத்தில் தெல் கரவலா. இலங்கையின் வறண்ட வலயத்தில் இரவுக் கடிக்குப் பேர்போனது. பளபளக்கும் நீலக்கருமையான உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள். அதுவும் இரவில் உலாவுவது. அதுவும் வீட்டுக்குள் வருவது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஓநாய்ப் பாம்பின் வரிகள் கழுத்தருகே அகன்று தெளிவாயிருந்து, வாலை நோக்கிச் செல்லச் செல்ல மங்கி மறைகின்றன. வளர்ந்த கட்டுவிரியனில் கழுத்தருகே வரிகள் இல்லாமலோ மங்கலாகவோ இருந்து, பின்பகுதியில் தெளிவடைந்து வால்வரை தொடர்கின்றன. கட்டுவிரியனின் முதுகு நடுவே ஓடும் செதில்வரிசை மற்றவற்றினும் பெரிதாய் அறுகோண வடிவுடையது. ஓநாய்ப் பாம்புக்கு அவ்வாறில்லை. ஆனால் கட்டுவிரியனின் குட்டிகளுக்குத் தலையருகிலிருந்தே வரிகள் இருப்பதுண்டு. ஆகவே அரைகுறை அறிவோடு கையால் தொட்டுப் பார்க்க முனைவது உயிருக்கு ஆபத்தாகும். இந்த எச்சரிக்கையையும் சேர்த்துத்தான் அறிவு என்கிறோம்.

இந்த ஒப்புமை எப்படி வந்தது? அமேசன் காடுகளில் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்த ஹென்றி வோல்டர் பேட்ஸ், சுவைக்கு ஒவ்வாத பூச்சிகளின் கோலத்தைச் சுவையுள்ள வேறு பூச்சிகள் தாங்கியிருப்பதைக் கண்டு, 1862இல் அதற்கு ஒரு விளக்கம் தந்தார். கொல்லவரும் பறவை முன்னதை அறிந்து ஒதுங்குகிறது. அதனாற் பின்னதையும் விட்டுவிடுகிறது. இவ்வாறு பிழைத்தவற்றின் சந்ததி பெருகித் தலைமுறை தலைமுறையாக ஒப்புமை கூர்மையடைகிறது. டார்வினின் நூல் வெளிவந்து மூன்றே ஆண்டுகளான அக்காலத்தில், இயற்கைத் தேர்வுக்கு இது வலிய சான்றாயிற்று. ஓநாய்ப் பாம்பின் வரிகளையும் இவ்வாறே விளக்குவோர் உளர். விரியனை அஞ்சி விலகும் பிராணி, விரியன் போன்றதையும் கண்டு விலகும்.

ஆனால் மனிதன் விலகுபவன் அல்லன். அவனுக்குக் கையுண்டு; கையிற் கருவியுண்டு. மற்றப் பிராணிகளை ஓடச்செய்யும் அச்சம் அவனைத் தாக்கச் செய்கிறது. எனவே காட்டில் உயிர்காத்த வரிகளே வீட்டில் உயிரைப் பறிக்கும் வரிகளாகின்றன. ஒரு பண்பு நன்மையா தீமையா என்பது அப்பண்பில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அது எந்தச் சூழலில், எந்த உறவுகளிடையே இயங்குகிறது என்பதிலும் தங்கியிருக்கிறது. இயங்கியல் கற்போர் நூல்களில் தேடும் உண்மையொன்று இங்கே சுவரில் ஊர்கிறது. கட்டுவிரியனுக்கோ பிற பாம்புகளே முக்கிய இரை. ஓநாய்ப் பாம்பையும் அது தின்னும். எதன் சாயலுக்காக இது கொல்லப்படுகிறதோ, அதுவே இதன் கொலையாளியுமாகும்.

பாம்பென்று பிழையாக எண்ணுதல் நம் தத்துவ மரபுக்குப் புதிய பொருளன்று. அரையிருளில் கயிற்றைக் கண்டு அரவென்று அஞ்சுபவன் கதையை அத்வைதிகள் நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகின்றனர். கயிற்றில் அரவு தோன்றுவதுபோலப் பிரமத்தில் உலகம் தோன்றுகிறது. ஞானம் வந்ததும் அரவு மறையும், உலகும் மறையும் என்பது அவர்கள் முடிபு. எமது உதாரணம் சற்று வேறானது. சுவரில் இருப்பது கயிறன்று, உண்மையான பாம்பே. கட்டுவிரியன் என்ற ஒன்றும் உண்மையாகவே உண்டு. அதன் நஞ்சும் மாயையன்று. இங்கே நிகழ்ந்த பிழை, ஒன்றை மற்றொன்றாகக் கொண்ட பிழை. அதனைத் திருத்த உலகை மறுக்க வேண்டியதில்லை; உலகை நெருங்கிப் பார்க்க வேண்டும். விளக்கைத் தூண்டி, வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நோக்க வேண்டும். கயிற்றரவுக் கதையிலுங்கூட மயக்கத்தைத் தீர்ப்பது வெளிச்சந்தானே! அந்த வெளிச்சத்தை மறுமைக்கு ஒத்திவைத்தோர் பிழைசெய்தனர் என்பதே எமது கருத்து.

இவ்வளவும் சொன்ன பின், தடியெடுத்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவோமா? நிறுத்தமாட்டோம். அவருடைய அச்சத்தின் வரலாற்றை முதலிற் படிப்போம்.

வவுனியாவுக்கு அயலிலுள்ள அநுராதபுரம் வைத்தியசாலையில் 1996 முதல் 1998 வரை கட்டுவிரியன் கடியுண்டு வந்தோரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்கள் பெரும்பாலும் இரவில் வீட்டுத் தரையில் உறங்கும்போது கடியுண்ட ஏழைகள். கட்டுவிரியன் கடியில் வலி மிகக் குறைவு. காயமும் கண்ணுக்குத் தெரிவதரிது. உறக்கத்திலேயே கடியுண்டவர் வயிற்றுவலியோடு விழிக்கிறார், கண்ணிமை சரிகிறது, நாக்குத் தடுமாறுகிறது, பின்னர் மூச்சை இயக்கும் தசைகளும் சோர்கின்றன. சுவாசக் கருவியும், அதனை இயக்கத் தெரிந்தவர்களும் உள்ள வைத்தியசாலைக்குக் காலத்திற் போய்ச்சேர்ந்தால் பிழைக்கலாம். நெடுங்கேணியின் கடைக்கோடியிலிருந்து நள்ளிரவில் அவ்வாறு போய்ச்சேர வாகனமும், பாதையும், பணமும் வேண்டும். கட்டிலில் உறங்குபவனை இப்பாம்பு அரிதாகவே கடிக்கிறது. பாயில் உறங்குபவனைக் கடிக்கிறது. நஞ்சு வர்க்கம் பார்ப்பதில்லை; ஆனால் நஞ்சு வந்துசேரும் வழியை வர்க்கம் தீர்மானிக்கிறது.

2009இல் போர் முடிந்தபோது, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைக்கப்பட்டிருந்தனர். காட்டை வெட்டித் திருத்திய வெறுநிலத்தில், தறப்பாள் கூரையின் கீழ், தரையில் விரித்த பாயில், குழந்தைகளோடு அவர்கள் உறங்கினர். இறுதி முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. அந்த இரவுகளில் கூடாரத்துள் நுழைந்த ஒரு பாம்பின் செதில்வரிசையை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று எந்த நீதிமான் சொல்வான்? பாதுகாப்பான வீட்டின் மேல்மாடியில் அமர்ந்து ஏழைக்குச் சீவகாருண்யம் போதிப்பது, பசித்தவனுக்கு விரதம் போதிப்பதற்கு ஒப்பாகும்.

ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. அச்சம் நியாயமானது என்பதால், அச்சம் தந்த தீர்ப்பும் சரியானது என்றாகிவிடாது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதையும் தழுவி வீடுவீடாக நடந்த ஆய்வொன்று, பன்னிரண்டு மாதத்தில் ஏறத்தாழ 80,000 பாம்புக்கடிகள் நேர்ந்ததாக மதிப்பிட்டது. அவற்றுள் உடலில் நஞ்சேறியவை ஏறத்தாழ 30,000. இறந்தோர் 460 பேருக்குச் சற்று மேல். இறப்பு ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பேரிழப்பு. அதனைச் சிறுமைப்படுத்த மாட்டோம். ஆயினும் நிகழ்ந்த கடிகளிற் பாதிக்கு மேற்பட்டவை நஞ்சேறாதவை என்பதையும் இக்கணக்கு காட்டுகிறது. அச்சத்தின் அளவும் ஆபத்தின் அளவும் ஒன்றல்ல. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் மக்களே சொன்ன விமர்சனம்.

மேலும், கண்டதையெல்லாம் அடித்தல் அடித்தவருக்கும் காப்பாக அமைவதில்லை. நூறு ஓநாய்ப் பாம்புகளைக் கொன்றபின்னும் பாய் தரையில்தான் கிடக்கிறது. விரியன் வரும் வழி திறந்தே இருக்கிறது. அடித்துவிட்டோம் என்ற நிறைவு, செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதை மறைத்துவிடுகிறது.

பாம்புகளுக்காகப் பரிந்துபேசுவோர் வழக்கமாக முன்வைக்கும் வாதம் ஒன்றுண்டு. பாம்பு எலியைத் தின்கிறது. எலி நெல்லைத் தின்கிறது. ஆதலால் பாம்பு உழவனின் நண்பன் என்பது அது. சாரைப் பாம்பின் வழக்கை இவ்வாதம் வென்றுவிடும். ஓநாய்ப் பாம்பின் வழக்கை வெல்லாது. அது தின்பது பல்லியை. அதனால் பாவற்குளத்து வயல்களில் ஒரு மணி நெல்லும் மிஞ்சப்போவதில்லை. தீமையும் இல்லை, கணக்கிற் காட்டத்தக்க பயனும் இல்லை. எமது அறநோக்கைச் சோதிக்க இதனினும் சிறந்த உரைகல் வேறில்லை என்போம். பயன்படுவதால் மட்டுமே ஓர் உயிருக்கு வாழும் உரிமை என்றால், அது உரிமையாகாது; கூலியாகும். மனிதனை அவன் உழைப்பின் விலைகொண்டு மட்டும் அளக்கும் சமுதாயத்தை நாம் கண்டிக்கிறோம். முதியவரும், நோயாளரும், போரில் உறுப்பிழந்தோரும் என்ன பயன் என்று கேட்கும் வாயை அருவருக்கிறோம். அதே அளவுகோலைச் சுவரிலுள்ள உயிர்மேல் வைத்து, "இதனால் நமக்கென்ன" என்று கேட்கும்போது, நாம் கண்டித்த வணிகனின் தராசையே கையிலெடுக்கிறோம்.

மற்றொரு முரண்பாட்டையும் பார்ப்போம். எம்மிடையே மிகக் கொடிய நஞ்சுடைய பாம்புகளில் ஒன்றின் பெயர் நல்ல பாம்பு. அதற்குக் கோயிலுண்டு, புளியங்குளத்துப் புதூர் நாகதம்பிரானை வன்னி மக்கள் வழிபடுகின்றனர். நிலத்தோடும் காட்டோடும் வாழ்ந்த உழவரின் நன்றியும் அச்சமும் கலந்து வளர்ந்த அவ்வழிபாட்டை எள்ளி நகையாடுவது எமது நோக்கமன்று. பல நாகங்கள் அந்த நம்பிக்கையாலேயே உயிர் தப்பியிருக்கும். எனினும் படமெடுக்க வல்லதற்குப் பாலும் பழமும், படமெடுக்க இயலாததற்குத் தடியும் என்றால், அந்த மரியாதை எதற்குச் செலுத்தப்படுகிறது? வலிமைக்கே என்று சொல்லத் தோன்றுகிறது. வல்லானை வணங்கி எளியானை அடிக்கும் பழக்கம் கோயில் வாசலில் தொடங்கியதுமன்று, அங்கே முடிவதுமன்று. நிலவுடைமையும் அதிகாரமும் பன்னெடுங்காலம் எமக்குள் பயிற்றுவித்த பழக்கம் அது.

இனி, நாம் தொடக்கத்தில் சொன்னதற்கு வருவோம்: தடியெடுக்கும் மனநிலை பாம்போடு நிற்பதில்லை. வவுனியா மக்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. 1990களில் வடக்கிலிருந்து வந்த தமிழர் இந்நகரில் தங்கவும், இங்கிருந்து தெற்கே செல்லவும் 'பாஸ்' பெற வேண்டியிருந்தது. பேசிய மொழியும், பிறந்த ஊரும், அடையாள அட்டையிலிருந்த முகவரியும் சந்தேகத்தின் வரிகளாயின. நீ என்ன செய்தாய் என்று கேட்பதற்கு முன், நீ யாரைப் போலிருக்கிறாய் என்று கேட்கப்பட்டது. மனிதரைப் பாம்புக்கு ஒப்பிடுகிறோம் என்று எவரும் எண்ணவேண்டாம். அவ்வாறு ஒப்பிடுவது கொலைகாரரின் மொழி. எந்த இனப்படுகொலைக்கு முன்பும் அந்த மொழி ஒலித்திருக்கிறது. நாம் ஒப்பிடுவது தீர்ப்புச் சொல்லும் முறையை. சாயலைக் கண்டு தீர்ப்புச் சொல்லும் முறை இரண்டிடத்தும் ஒன்றே.

அந்த முறை அதிகாரத்திலுள்ளோருக்கு மட்டுமே உரியது என்று சொல்லித் தப்பவும் முடியாது. 1977இன் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாக் காடுகளை வெட்டிக் குடியேறிய தொழிலாளர் குடும்பங்களை எண்ணிப் பார்ப்போம். அவர்களின் வியர்வையால் வயல்கள் விளைந்தன. அவர்களைத் 'தோட்டக்காட்டார்' என்று இழித்துரைத்தும், களவுபோனால் முதலில் அவர்கள் குடிசைப் பக்கம் கண்ணைத் திருப்பியும் நடந்துகொண்டோர் எம்மவரிலும் இருந்தனர். சந்தேகத்தின் கொடுமையை அனுபவித்த சமூகம், அதனாலேயே சந்தேகிக்கும் குணத்திலிருந்து விடுபட்டுவிடுவதில்லை. அனுபவம் தானாக அறிவாவதில்லை. அதைப் பற்றிச் சிந்தித்தாலன்றி அது வடுவாகவே தங்கிவிடுகிறது.

என்ன செய்யலாம்? அறிவும் பாதுகாப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை. 1796ஆம் ஆண்டிலேயே, கிழக்கிந்தியக் கம்பனியில் பணிபுரிந்த மருத்துவர் பற்றிக் றஸல், சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். நஞ்சுள்ளதையும் அற்றதையும் பிரித்தறிவது அவருடைய முக்கிய நோக்கங்களுள் ஒன்று. 1921இல் பிராங்க் வால் இலங்கைப் பாம்புகளைப் பற்றித் தனிநூல் எழுதினார். அந்த அறிவு ஆங்கிலத்தில், விலையுயர்ந்த தாளில், நூலகங்களில் தங்கியது. பாயில் உறங்குபவனின் மொழியில் அவனுடைய குடிலுக்கு அது வந்துசேரவில்லை. அதைக் கொண்டுசேர்ப்பது ஆசிரியரின் கடமை, மாணவரின் கடமை. பம்பைமடுவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், தம் கிராமத்துச் சிறுவருக்கு இரண்டு பாம்புகளின் படத்தைக் காட்டி, வரி எங்கே தெளிவு, எங்கே மங்கல் என்று கேட்கலாம். ஐயமிருந்தால் விலகி நில், கையால் தொடாதே, பெரியவரை அழை என்றும் சேர்த்துச் சொல்லலாம். கடியுண்டால் பாம்பைத் துரத்திக் காலத்தை வீணாக்காமல் வைத்தியசாலைக்கு விரைய வேண்டும் என்பதை வலியுறுத்தலாம். நாக்கு மாத்திரம் உச்சரிக்கும் பாடங்கள் எத்தனையோ உள்ளன. கண்ணைப் பயிற்றும் பாடம் இது.

ஆனால் பாடம் மட்டும் போதாது. நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடந்து 2007இல் வெளியான ஆய்வொன்று, நுளம்பு வலைக்குள் உறங்குவோர் பாம்புக்கடிக்கு ஆளாவது குறைவு என்று காட்டியது. ஒரு வலை; ஒரு கட்டில்; வீட்டுக்கு ஒரு மின்விளக்கு; கிராமத்துக்கு ஒரு நோயாளர் வண்டி; வைத்தியசாலையில் நஞ்சுமுறி மருந்தும் சுவாசக் கருவியும். இவை அரிய பொருட்களல்ல. உலக சுகாதார நிறுவனம் பாம்பு நஞ்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் 2017இல்தான் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது நோயா, நோயாளியா என்று நாம் கேட்க வேண்டும். கடியுண்டவன் உழவன்; ஆதலால் கணக்கு எடுக்கப்படவில்லை.

கட்டிலில் படுத்து, வலையை இறக்கி, கைக்கெட்டும் தூரத்தில் விளக்கை வைத்திருப்பவன், சுவரில் வெள்ளை வரிகளைக் காணும்போது ஒரு கணம் பொறுத்துப் பார்க்க முடியும். அந்த ஒரு கணத்தில்தான் அறம் பிறக்கிறது. கருணை உள்ளத்தின் இயல்பு என்போர் உளர். அது பயிற்சியின் பயன் என்போரும் உளர். அக்கணத்துக்கு இடந்தரும் வாழ்க்கை வேண்டும் என்பதை இவ்விரு சாராரும் மறந்துவிடுகின்றனர். அந்த வாழ்க்கையை எல்லோருக்கும் ஆக்கித்தருவது எமது அரசியல். அக்கணம் வாய்த்தபின்னும் பாராமல் அடிப்போமாயின், அப்பொழுது குற்றம் எம்முடையதே. வறுமையைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

இன்று இதை வாசிக்கும் ஆசிரியரிலும் மாணவரிலும் பலருக்கு அந்தக் கணம் ஏற்கெனவே வாய்த்திருக்கிறது. அவர்கள் வீட்டில் மின்விளக்கு எரிகிறது. சுவரில் ஏறும் அந்தச் சிறிய உயிர் பல்லியைத் தேடிப் போகிறது. அதைப் போகவிடுவதால் நமக்கு எந்த இலாபமுமில்லை. இலாபமில்லாத நீதியைச் செய்யப் பழகுவோமாக.